தெற்குச் சுவர்

ஆகஸ்ட் 18, வெள்ளி

என் புது வீட்டு வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் நடந்ததை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார் இன்ஜினியர் பெலிக்ஸ். ஆரம்ப சுகாதார நிலைய மருந்தறையில் இருபது வருடமாக இருப்புப் பதிவேடு எழுதுகிறவளுக்கு இது பெரிய காரியமில்லை. தொடங்குகிறேன்.

காலையில் லாரி வந்தது. செங்கல் இல்லை. ஆளுயரத்துக்கு அடுக்கிய வெள்ளை நுரைப் பெட்டிகள். பார்க்கத் தெர்மாகோல் மாதிரிதான், கொஞ்சம் கெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளும் புறமும் இரண்டரை அங்குலத்துக்கு நுரை, நடுவில் ஆறு அங்குலம் காலி. பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்து, நடுவில் கம்பி கட்டி, மேலேயிருந்து கான்கிரீட் ஊற்ற வேண்டும். நுரையைப் பிரித்து எடுப்பதில்லை. அது சுவரோடு சுவராக இருந்து வெயிலைத் தடுக்கும். உள்ளே கான்கிரீட் ஒரே கல்லாக உறைந்துவிடும், எந்தப் புயலுக்கும் அசையாது என்கிறார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

தெருவில் அதற்குள் ‘தெர்மாகோல் வீடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆடு தின்றுவிடப் போகிறது என்றாள் பக்கத்து வீட்டுப் பாக்கியம்.

உங்கள் அண்ணன் மேஸ்திரியாமே, அவரையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று பெலிக்ஸ் கேட்டார். அவருக்குச் செங்கல் வேலைதான் தெரியும் என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நான்கு வரிசை ஏறிவிட்டது. செங்கல்லில் இந்த உயரம் வர ஒரு வாரம் ஆகியிருக்கும். தண்ணீர் விட்டு நனைக்கிற வேலையும் இல்லை. எங்கள் பக்கத் தண்ணீர் உப்பு. செங்கல் சுவர் அடியிலிருந்து பொரிந்துகொண்டே வரும். இதில் அந்தக் கவலையும் இல்லை.

மத்தியானம் அண்ணன் சிவக்கொழுந்து சைக்கிளில் அந்த வழியாகப் போனார். ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தார். சாப்பாட்டுத் தூக்குடன் வந்த என் மகள் நித்திலா, மாமாவைப் பார்த்ததும் சாலையின் அந்தப் பக்கம் போய்விட்டாள். அவர் போன பிறகுதான் வந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். மாமாவோடு பேசாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

நான்கு வருடத்துக்கு முந்தைய புயலில் பழைய வீட்டின் பக்கத்து அறைச் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. நித்திலாவின் அப்பா உள்ளே இருந்தார். அந்த அறையைக் கட்டியது அண்ணன். இதில் எழுத வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

கம்பி கட்டி முடித்தார்கள். சன்னல்களுக்கு மரச்சட்டம் வைத்தாயிற்று.

சன்னலுக்கு அடியில்தான் கவனம் வேண்டும் என்றார் பெலிக்ஸ். மேலேயிருந்து ஊற்றுகிற கான்கிரீட் இரண்டு பக்கமும் இறங்கி அடியில் வந்து கூட வேண்டும். வைப்ரேட்டர் ஊசியை விட்டுக் குலுக்கினால்தான் அது ஓடும். இல்லையென்றால் பொந்து விழும். நுரை மூடியிருப்பதால் வெளியே தெரியாது. இந்த முறையில் குறை என்றால் இது ஒன்றுதான் என்றார். செங்கல்லில் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துவிடலாம். இதில் ஊற்றுகிற அன்று பார்த்தால்தான் உண்டு.

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்று கான்கிரீட் ஊற்றினோம்.

விடியற்காலையே பம்பு வண்டி வந்துவிட்டது. முதல் லாரி எட்டு மணிக்கு. வடக்கு, கிழக்குச் சுவர்கள் ஒழுங்காக நடந்தன. பெலிக்ஸ் ஒவ்வொரு மூலையிலும் நின்று பார்த்தார். இரண்டாவது லாரி வளைவில் மணலில் புதைந்துவிட்டதாகப் போன் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். முதல் லாரியில் மீதி இருந்ததைத் தெற்குச் சுவரில் ஊற்றினார்கள். அவர் வர முக்கால் மணி ஆயிற்று.

தெற்குச் சுவரில் சன்னல் பக்கம் நுரை கொஞ்சம் பிதுங்கியது. பலகை வைத்து முட்டுக் கொடுத்தார்கள். சரியாகிவிட்டது.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. கான்கிரீட் பற்றாமல் போகும், கடைசியில் கொஞ்சம் கையால் கலக்க வேண்டியிருக்கும் என்று பெலிக்ஸ் சொல்லியிருந்தார். ஆனால் மீந்துவிட்டது. வீணாக்க வேண்டாம் என்று கொல்லையில் துணி துவைக்க ஒரு மேடை போட்டுக்கொண்டோம். எப்படி மீந்தது என்று கேட்டார். லாரியில் கூடுதலாக வந்திருக்கும் என்றேன். எல்லா இடத்திலும் வைப்ரேட்டர் போட்டார்களா என்று கேட்டார். வேலையாட்களின் தலைவர் என் முகத்தைப் பார்த்தார். போட்டார்கள் என்றேன்.

நல்ல களைப்பு.

செப்டம்பர் 11, திங்கள்

துவைக்கிற மேடை நன்றாக இறுகியிருக்கிறது.

செப்டம்பர் 14, வியாழன்

மருந்தறையில் மாதாந்தரச் சரிபார்ப்பு. இரத்த அழுத்த மாத்திரை முந்நூறு அதிகமாக இருந்தது. புதிதாக வந்த உதவியாளர் பெண், குறைந்தால்தானே தப்பு மேடம், மீந்தால் நல்லதுதானே என்றாள். அவளை உட்கார வைத்துச் சொன்னேன்: மீந்தால் யாருக்கோ போய்ச் சேர வேண்டியது சேரவில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 29, வெள்ளி

தினமும் வேலை முடிந்து வருகிற வழியில் தெற்குச் சுவரைத் தட்டிப் பார்க்கிறேன். செங்கல் சுவரென்றால் உள்ளே பொக்கு இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். நுரை எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி பொத்தென்கிறது.

அக்டோபர் 8, ஞாயிறு

மேல்தளம் போட்டாயிற்று.

போடுவதற்கு முன் பெலிக்ஸ் ஒரு தாளை நீட்டினார். சுவர்கள் சரிபார்க்கப்பட்டன என்று அதில் இருந்தது. ஏதாவது இடத்தில் சந்தேகம் இருந்தால் இப்போதே துளை போட்டுப் பார்த்துவிடலாம், தளம் ஏறிவிட்டால் கஷ்டம் என்றார். இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு நுரையைக் கிழித்துக்கொண்டு நின்றால் ஊர் என்ன சொல்லும்? செங்கல்லை வேண்டாமென்று சொன்னவள் நான்.

அக்டோபர் 22, ஞாயிறு

நித்திலா தனக்குத் தெற்கு அறை வேண்டும் என்கிறாள். கடற்காற்று வருமாம். வடக்கு அறைதான் படிக்க வெளிச்சம் என்றேன். ஏன் என்று விடாமல் கேட்டாள். சள்ளென்று விழுந்துவிட்டேன்.

நவம்பர் 20, திங்கள்

புயல் வருகிறது. வியாழக்கிழமை காலை கரையைக் கடக்கும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். எங்களுக்கு மேற்கே கொஞ்சம் தள்ளி.

சாயங்காலம் பாக்கியமும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் வந்தார்கள். எல்லார் வீடும் ஓடு, இல்லையென்றால் தகரம். பள்ளிக்கூடத்து மாடி தூரம், கூட்டமும் அதிகமாக இருக்கும். உன் வீடு ஒரே கான்கிரீட் என்கிறாயே, நாங்கள் அங்கே வந்துவிடுகிறோம் என்றார்கள். ஊராட்சித் தலைவரும் அதுவே நல்லது என்று சொன்னாராம். பிள்ளைகளோடு சேர்த்து முப்பத்திரண்டு பேர். கதவு இல்லாவிட்டால் பலகை அடித்துக்கொள்ளலாம், தெற்கு அறைதான் பெரியது, அதிலேயே படுத்துக்கொள்கிறோம் என்றாள் பாக்கியம். ஆடு தின்னும் என்று சொன்னவள்தான்.

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்போது எழுதுகிறேன். செப்டம்பர் பத்தாம் தேதி தெற்குச் சுவரில் ஊசியை விட்டதும் சன்னலுக்கு இடப்பக்கம் நுரை பசுவின் வயிறு மாதிரி பிதுங்கியது. ஒரு பலகை தெறித்தது. வெடித்து எல்லாம் கொட்டிவிடும் என்று பயந்தேன். தெருவே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. என்ன செய்ய என்று வேலையாட்களின் தலைவர் என்னைக் கேட்டார். முட்டுக் கொடுத்துவிட்டு மெதுவாகக் குலுக்கலாம் என்றும் அவரே சொன்னார். நிறுத்துங்கள், இந்தச் சுவரில் இனி ஊசியே வேண்டாம் என்றேன். அப்படியே ஊற்றி மூடினார்கள். அதனால்தான் மீந்தது.

நவம்பர் 21, செவ்வாய்

காலையில் பெலிக்ஸுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “மேடம், அன்னைக்கே சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை” என்றார். தஞ்சாவூரில் வேறொரு கட்டடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், வர முடியாது. சுவரைப் பார்க்காமல் ஒருவரையும் உள்ளே விடாதீர்கள், கைதேர்ந்த மேஸ்திரி யாரையாவது உடனே கூப்பிடுங்கள் என்றார்.

எனக்குத் தெரிந்த கைதேர்ந்த மேஸ்திரி ஒருவர்தான்.

நான்கு வருடத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணி மங்களம் வாசற்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், வா என்று சொல்லவில்லை. அரிவாள்மனையை நகர்த்தவும் இல்லை. அந்தப் புயலுக்குப் பிறகு அண்ணனுக்கு யாரும் வீடு கட்டக் கொடுக்கவில்லை. கழிவறைத் தொட்டி, சுற்றுச்சுவர், அவ்வளவுதான். தங்கை புருஷன் தலையிலேயே சுவரைத் தள்ளியவன் என்று டீக்கடையில் சொல்வார்கள். நானும் அந்தப் பக்கம் போகும்போது கேட்டிருக்கிறேன்.

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். ஒரு கேள்விதான் கேட்டார்.

“யாரு நிறுத்தச் சொன்னது?”

“நான்தாண்ணே.”

அண்ணி கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

நுரை வேலையை அவர் செய்ததில்லை. சுவரைச் சுற்றி வந்தார், தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு சைக்கிளிலிருந்து ஒரு ஸ்போக்ஸ் கம்பியைக் கழற்றி, கல்லில் தேய்த்துக் கூராக்கி, நுரைக்குள் குத்தினார். இரண்டரை அங்குலம் போய்க் கடக்கென்று முட்டி நின்றது. ஒரு சாண் தள்ளிக் குத்தினார், நின்றது. சாண் சாணாக நகர்ந்தார். நான் சாக்கட்டியால் புள்ளி வைத்துக்கொண்டே பின்னால் போனேன். நாற்பத்தோராவது குத்தில், சன்னலுக்கு இடப்பக்கம், கம்பி நிற்காமல் அவர் விரல் வரை போயிற்று. பக்கத்திலும் அப்படியே. அடியிலும் அப்படியே.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 22, புதன்

காலையிலேயே காற்று மாறிவிட்டது. தூறல்.

அண்ணன் ரம்பத் தகட்டால் நுரையைச் சதுரமாக அறுத்து எடுத்தார். உள்ளே ஒன்றரை அடி உயரத்துக்குப் பொந்து. சிமெண்டு ஒட்டாத கருங்கல் சல்லி கொட்டிக் கிடந்தது. இரண்டு கம்பிகள் மொட்டையாக நின்றன. அவற்றுக்கு நேர் மேலே தளத்தின் விட்டம் உட்கார்ந்திருந்தது. நித்திலா பின்னால் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. பொந்தைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். இவர் எதற்கு இங்கே என்று என்னிடம் கேட்டாள். நான்தான் கூப்பிட்டேன் என்றேன். போய்விட்டாள்.

முதலில் விட்டத்துக்கு அடியில் நான்கு சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்தார். பிறகு ஒட்டாத சல்லியையெல்லாம் கையால் தோண்டி எடுத்தார். கழுவிவிட்டு, சிமெண்டுப் பால் பூசி, பொடிச் சல்லிக் கான்கிரீட்டை உருண்டை உருண்டையாகத் திணித்துக் கம்பியால் குத்திக் குத்தி இறுக்கினார். நான் கலந்து கொடுத்தேன். மழை பெய்தபோது ஒரு தார்ப்பாயை நான் பிடித்துக்கொண்டேன், அவர் வேலை பார்த்தார். மூன்று மணி நேரத்தில் நாங்கள் பேசியது ‘கொடு’, ‘போதும்’ என்ற இரண்டு வார்த்தைதான்.

முடித்ததும் சொன்னார்: “நாளைக்கு இது பச்ச மண்ணு மாதிரிதான் இருக்கும். சுவரு நிக்கும்னு தோணுது. ஆனா தோணுறத நம்பி ஆள உள்ள விடக்கூடாது வல்லி.”

ஊராட்சித் தலைவரிடம் போய், என் வீடு வேண்டாம், எல்லாரும் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போகட்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சுவரில் வேலை பாக்கி என்றேன். அரைகுறையாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 23, வியாழன்

பள்ளிக்கூட மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்று இப்போது தணிந்துவிட்டது.

எட்டு மணிக்குத் தொடங்கியது. ஒன்பதுக்கு எதிர் வரிசைத் தென்னைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு எதுவும் தெரியவில்லை, வெள்ளையாக மழைதான். சன்னல் கதவுகளை ஆண்கள் முதுகு கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் அதில் ஒருவர். அண்ணி ஒரு மூலையில். நித்திலா என் பக்கத்தில், கால்களைக் கட்டிக்கொண்டு.

பதினொரு மணிக்குக் காற்று கொஞ்சம் ஓய்ந்தது. சனங்களுக்குப் பேச்சு வந்தது. பாக்கியம்தான் ஆரம்பித்தாள். வல்லி வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கலாம், நேற்று கொழுந்து போய் நல்ல சுவரை அறுத்துப் போட்டுவிட்டான், அவன் கை வைத்த சுவரை நம்பி யார் படுப்பது என்று சத்தமாகவே சொன்னாள். ஆமாம் என்றார்கள் இரண்டு மூன்று பேர். ஒரே தங்கை, ஏற்கனவே ஒரு தடவை பட்டது போதாதா என்றார் ஒருவர்.

அண்ணன் சன்னலில் சாய்ந்தபடி நின்றார். திரும்பவில்லை. நான்கு வருடமும் இப்படித்தான் நின்றிருப்பார்.

எழுந்தேன். எல்லாரும் பார்க்கும்வரை நின்றேன்.

“அந்தச் சுவத்துல பொந்து விட்டது நான். அண்ணன் அடைக்கத்தான் வந்துச்சு” என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “நாலு வருஷத்துக்கு முன்னாடி விழுந்த சுவத்துக்கும் நான்தான் காரணம். கதவு மட்டத்துல கான்கிரீட் பெல்ட் ஓட்டணும், அதுதான் நாலு சுவத்தயும் சேத்துப் பிடிக்கும்னு அண்ணன் ரெண்டு தடவ சொல்லிச்சு. ஒரு வாரம் ஆவும்னுச்சு. நித்திலா சடங்குக்கு நாள் நெருங்கிடுச்சு, பெல்ட் வேணாம், மேல ஏத்துன்னு சொன்னது நான். நித்திலா அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அண்ணன் இன்னிவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. நானும் சொல்லல.”

வெளியே தகரம் ஒன்று எங்கேயோ அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இத்தனை நாள் வைத்திருந்த அழுகை அது. அண்ணன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நித்திலா எழுந்தாள். என் பக்கம் திரும்பாமல் கூட்டத்தைத் தாண்டிப் போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நவம்பர் 24, வெள்ளி

தெருவில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. உயிர்ச்சேதம் இல்லை. பாக்கியம் வீட்டுச் சுவர் முழுக்க உட்கார்ந்துவிட்டது. அண்ணன் பெல்ட் போட்டுத் தனக்குக் கட்டிய வீட்டில் ஓடு மட்டும் போயிருக்கிறது, செங்கல் அசையவில்லை.

என் வீடும் நிற்கிறது. தெற்குச் சுவரில் புதிதாக அடைத்த இடத்தைச் சுற்றி முடி அகலத்துக்கு ஒரு வெடிப்பு. முட்டுக் கட்டைகளில் ஒன்று சாய்ந்திருந்தது. முப்பத்திரண்டு பேர் உள்ளே இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். நின்றதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது என்றேன்.

நித்திலா அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

நவம்பர் 26, ஞாயிறு

வரவில்லை.

நவம்பர் 28, செவ்வாய்

பெலிக்ஸ் வந்து பார்த்தார். அண்ணன் அடைத்ததைச் சுரண்டிப் பார்த்து, கெட்டியான வேலை, ஆனாலும் அந்த இடத்தை வெளியிலிருந்து இன்னும் ஒரு கம்பிக்கூடு கட்டிப் பலப்படுத்த வேண்டும் என்றார். என் கையெழுத்துத் தாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானே எடுத்து, நடந்ததைப் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அண்ணனைப் பார்க்கப் போனேன். வேலையாக வெளியே போயிருந்தார். அண்ணி வாசலில் நின்று பேசினார். “ஒன் அண்ணன் மன்னிச்சிடுவாரு, அவருக்கு அதுதான் தெரியும். எனக்குக் கொஞ்ச நாளாவும்” என்றார். சரி அண்ணி என்றேன். நித்திலாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவளாக வரட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். உள்ளே அவள் பாடம் வாய்விட்டுப் படிக்கிற சத்தம் கேட்டது. நடுவில் நின்றது. நான் தெருமுனை திரும்பும்வரை மறுபடி தொடங்கவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

காலையில் அண்ணன் கம்பிக்கூடு கட்ட வந்தார். சைக்கிளின் பின்னால் நித்திலா. அவர் நேராகத் தெற்குச் சுவருக்குப் போய்விட்டார். அவள் வாசலில் நின்றாள். நிலை வைத்திருக்கிறோம், கதவு இன்னும் போடவில்லை. நான் உள்ளே, அவள் வெளியே.

“என் சடங்குக்காகத்தானே அவசரப்பட்டே?” என்று கேட்டாள்.

பத்து நாளாக இதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். ஆமாம் என்று சொல்வது எனக்குச் சுலபம். பாதி பாரம் அவள் தோளுக்குப் போய்விடும்.

“இல்ல. நீ அறை கேக்கல. புது அறை கட்டிட்டாங்கன்னு வர்றவங்க பாக்கணும்னு எனக்குத்தான் ஆசை. சடங்க ஒரு சாக்கா வச்சுக்கிட்டேன்.”

அவள் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் கம்பி வளைக்கிற சத்தம் கேட்டது. போய்விடுவாள் என்று நினைத்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டாள்.